பழைய ஃப்ளைட் சிம் கணினிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

கார்டு வாங்கக் கிளம்பும் முன், பிரச்சினை கார்டில்தானா என்று பார்த்துவிடுங்கள். மற்ற கேம் ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புதுக் கார்டு போட்டால் ஏதாவது பலன் இருக்கும். கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிற நமக்கு அப்படி இல்லை. நிலப்பரப்பு, வானிலை, மற்ற விமானங்கள், காக்பிட்டில் எரிகிற திரைகள் எல்லாவற்றையும் கணக்குப் போடுவது பிராசஸர். அதிலும் பெரும்பாலான வேலை ஒரே ஒரு கோரின் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) தலையில் விழுகிறது. அந்த கோர் திணறினால் எவ்வளவு விலையுள்ள கார்டும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5-4590. அதில் இருந்த கார்டு 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 2 ஜிபி. ஓட்டுவது பெரும்பாலும் எக்ஸ்-பிளேன் 11 என்ற சிமுலேட்டர். எனக்குத் தெரிந்த பல சிம் நண்பர்களின் கணினியும் ஏறக்குறைய இதே வயதுதான் என்பதால், இதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

எக்ஸ்-பிளேன் 11இல் செட்டிங்ஸுக்குள் டேட்டா அவுட்புட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் முதல் வரி ஃப்ரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) திரையில் வருகிறது என்பது. அதைத் திரையில் காட்டச் சொன்னால், ஒரு ஃப்ரேமுக்கு சிபியு (பிராசஸர்) எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். ஹீத்ரோ போன்ற நெரிசலான விமான நிலையத்தில், மேகமூட்டத்தில், காக்பிட்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள். ஜிபியு நேரம் கூடுதலாக இருந்தால் கார்டு மாற்றுவதில் அர்த்தம் உண்டு. சிபியு 0.045 விநாடி, ஜிபியு 0.020 என்று காட்டினால், புதுக் கார்டு போட்டாலும் அதே 22 ஃப்ரேம்தான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வைத்திருப்பவர்கள் டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் (ஃப்ரேம் ரேட்) காட்டியைத் திறந்தால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும்: 'மெயின்த்ரெட்' என்று வந்தால் பிராசஸர், 'ஜிபியு' என்று வந்தால் கார்டு.

2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவே இல்லையென்றால் கார்டுக்குச் செலவழிக்காதீர்கள். அது 32 பிட் மென்பொருள், 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொடாது. நல்ல நிலையில் உள்ள 2 ஜிபி கார்டே அதற்குப் பெரும்பாலும் போதும்.

சரி, கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. அடுத்துக் கடைக்காரரிடம் போகாமல் கேபினெட்டைத் திறங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் வர வேண்டும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. அலுவலகங்களில் கழித்துக்கட்டி விற்கப்படும் பிராண்ட் டெஸ்க்டாப்களில் இந்த கேபிளே இருக்காது. சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகிற கனெக்டரும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருப்பதால், சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்டவும் முடியாது. அப்படிப்பட்ட பெட்டி என்றால் 75 வாட்டுக்குள் நில்லுங்கள்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. முதல் இரண்டிலும் தனி கேபிள் கேட்கும் மாடல்கள் உண்டு, பார்த்து வாங்குங்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கான 4 பின் மின் இணைப்பு) 8 பின்னுக்கு மாற்றும் மலிவான கன்வர்ட்டரை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். உருகிப்போன ஒன்றை என் கையாலேயே பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

இடமும் பாருங்கள். ஹார்டு டிஸ்க் கூண்டு வரைக்கும் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒல்லி கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ-புரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும்.

இப்போது கார்டு. சிமுலேட்டருக்கு என் முதல் கேள்வி எப்போதுமே விஆர்ஏஎம் (கார்டிலேயே உள்ள நினைவகம்) எவ்வளவு என்பதுதான், வேகம் அப்புறம். சேட்டிலைட் படத்தால் ஆன நிலப்பரப்பு, விலை கொடுத்து வாங்கிய விமான நிலையங்கள் எல்லாம் விஆர்ஏஎம்மை விழுங்கும். அது நிரம்பிவிட்டால் ஃப்ரேம் சீராகக் குறையாது. தரையிறங்கும்போது, சரியாக ரன்வே நெருங்கும் நேரத்தில், விட்டுவிட்டு நிற்கும். எக்ஸ்-பிளேன் 11க்கு 4 ஜிபி குறைந்தபட்சம், 6 இருந்தால் நிம்மதி. ஆர்த்தோ சீனரி (மேலே சொன்ன சேட்டிலைட் பட நிலப்பரப்பு) போடுவதாக இருந்தால் 8.

ஐ5-4590 போன்ற பிராசஸருக்கு நான் போகச் சொல்லும் உச்சம் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் (6 ஜிபி, 125 வாட்), இல்லையென்றால் ஆர்எக்ஸ் 580இன் 8 ஜிபி வகை (185 வாட், சூடும் அதிகம்). நான் போட்டது முதலாவது. கூடவே எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றினேன். அதற்கு மேல் கொடுக்கிற காசை பிராசஸர், மதர்போர்டு மாற்றச் சேர்த்து வையுங்கள்.

விலையைப் பார்த்து ஏமாறக்கூடாத ஒன்று, ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி. இரண்டுமே ஸ்லாட்டில் தரவு போகும் 16 வழிகளில் நான்கை மட்டும் பயன்படுத்துகின்றன. அந்த ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 தரத்தில் உள்ள புது மதர்போர்டில் சமாளிக்கும். 3.0 உள்ள நம்முடையதில் வேகம் பாதி, இன்னும் பழைய 2.0இல் கால்வாசி. 4 ஜிபி நிரம்பியதும் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் வேண்டாம். ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாகத் தொடும் வசதி) இல்லாத பழைய போர்டில் அவை சோர்ந்துபோகும்.

ஏஎம்டியா (ஆர்எக்ஸ்) என்விடியாவா (ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ்) என்று கேட்பவர்களுக்கு: எக்ஸ்-பிளேன் 2020இல் 11.50 பதிப்பில்தான் ஓப்பன்ஜிஎல்லிலிருந்து வல்கனுக்கு மாறியது; இரண்டுமே கார்டிடம் படம் வரையச் சொல்லும் மென்பொருள் முறைகள். அதற்கு முந்தைய பதிப்பில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால் என்விடியா வாங்குங்கள், ஓப்பன்ஜிஎல்லில் அது வெகுகாலம் முன்னால் இருந்தது. 11.50க்கு மேல் என்றால் எது மலிவோ அது. விண்டோஸ் 7ஐ விடாமல் பிடித்திருப்பவர்கள், வாங்கப் போகும் கார்டுக்கு அதில் டிரைவர் உண்டா என்று முதலில் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600க்கெல்லாம் கிடையாது. மானிட்டரில் விஜிஏ (பழைய அனலாக் இணைப்பு) மட்டும் இருந்தால், 1050 டிஐயிலும் அதற்குப் பிந்தைய கார்டுகளிலும் அந்த சிக்னலே வராது. டிஜிட்டல் சிக்னலை மாற்றித் தரும் ஆக்டிவ் கன்வர்ட்டர் தேவைப்படும்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் பழைய கார்டு எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது) இரண்டையும் போட்டுக்கொண்டு போங்கள். வேறு பழைய கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்பதுண்டு. ஜிபியு-இசட் அதைப் போலி என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுக் காட்டும். 2048எஸ்பி என்று போட்ட ஆர்எக்ஸ் 580, உள்ளே 570தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிரிப்டோ நாணயத்துக்காக கார்டுகளை இடைவிடாமல் ஓட்டுவது) நின்றதும் அதில் ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா, கால் மணி நேரம் ஃபர்மார்க் ஓடியும் திரையில் புள்ளி, கோடு வராமல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். கடைக்காரர் அவ்வளவு நேரம் ஓட்டவிட மாட்டேன் என்றால் அடுத்த கடை.

மாட்டும்போது பழைய டிரைவரை டிடியு (டிரைவர் நீக்கும் மென்பொருள்) வைத்துச் சுத்தமாக நீக்குங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள். 'புதுக் கார்டு போட்டும் ஒன்றும் மாறவில்லை' என்று வருகிற போன்களில் பாதி இதுதான். ஆன் செய்தும் திரை இருட்டாகவே இருந்தால், பழைய கார்டை மறுபடி போட்டு மதர்போர்டு பயாஸைப் புதுப்பித்துவிட்டு முயன்று பாருங்கள். எல்லாம் ஓடியதும் ஃப்ரேமை 30இல் பூட்டுங்கள். 25க்கும் 50க்கும் நடுவே தாவுவதைவிட, நிலையான 30இல் செஸ்னாவை இறக்குவது எளிது.