கோமுக் போற வழில பனியோட வேலைய கண்டுபிடிக்கிறது எப்படி

கங்கோத்ரில இருந்து கோமுக், அதாவது கங்கோத்ரி பனியாறு முடிஞ்சு பாகீரதி ஆறு கிளம்பற இடம், 18 கிலோமீட்டர் நடை, போறவங்கள்ல பாதிப்பேர் ஷிவ்லிங் சிகரத்த போட்டோ எடுத்துட்டு திரும்பிடறாங்க, காலடியில கிடக்கறத யாரும் பாக்கறதில்ல. பெர்மிட் வாங்கியாச்சா, அப்ப இத படிச்சுட்டு கிளம்புங்க. இங்க பனின்னு சொல்றது மெதுவா நகர்ற பனியாற.

மொதல்ல பள்ளத்தாக்கோட ஷேப்ப பாருங்க. கங்கோத்ரிக்கு முன்னாடியே பைரோன்காட்டி பக்கம் பாலத்துல நின்னு எட்டிப் பாத்தா ஜாட் கங்கா ஆறு பாறைய நேரா கீழ அறுத்துருக்கும், ஒடுக்கமா கிடுகிடு பள்ளம், அது தண்ணி வேலை. ஆனா கோமுக்குக்கு முன்னாடி தங்கற இடமான போஜ்பாசா கிட்ட பாகீரதி பள்ளத்தாக்கோட அடி அகலமா விரிஞ்சு கிடக்கும், ஏன்னா பனி நடுவுல மட்டும் அறுக்காது, பள்ளத்தாக்கு மொத்தத்தையும் அடைச்சுகிட்டு நகரும், அடியில ஒட்டுன கல்லுங்க உப்புத்தாள் மாதிரி பாறைய தேய்க்கும், வெடிப்புல தண்ணி இறங்கி உறைஞ்சா துண்டு துண்டா பேத்தும் எடுத்துட்டு போயிடும்.

அடுத்து கல்லு, இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. உருண்டையா வழவழன்னு இருந்தா ஆறு உருட்டுனது. முனை மழுங்காத பெரிய பாறையும் பொடி மண்ணும் பெருசு சிறுசுன்னு பிரியாம ஒண்ணா கலந்து கிடந்தா அது மொரைன், அதாவது பனி இறக்கி வெச்சுட்டு போனது. ஆனா நிலச்சரிவு குப்பையும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும், அந்த ரூட்ல சரிவுக்கு பஞ்சமும் இல்ல. அதனால தலைய தூக்கி மேல பாருங்க, மேல இருக்கற பாறையும் கீழ கிடக்கறதும் ஒரே ரகம்னா பெரும்பாலும் சரிவுதான். சிகரங்கள்ல இருக்கற வெளிர் கிரானைட் வேற ரக பாறை இருக்கற மலைப் பக்கத்துக்கு கீழ, அதுவும் பள்ளத்தாக்கோட நீளத்துக்கு மேடா கிடந்தா பனிய சந்தேகப்படலாம், கல்லுல இணையா கீறலும் இருந்தா கிட்டத்தட்ட உறுதி.

ஷிவ்லிங்கே பல பக்கமும் பனி குடைஞ்சு கூரானதுதான், உயரம் 6543 மீட்டர்.

ஆத்து தண்ணி சாம்பல் கலர்ல இருக்கும், அழுக்குன்னு நினைக்காதீங்க, பனி அரைச்ச பாறைத்தூள் அது. மத்தியானத்துக்கு மேல உருகுற தண்ணி ஏறிடும், ஓடைகள காலைலயே தாண்டிடுங்க.

கோமுக்ல நின்னு "ஐஸ் எங்கப்பா?"ன்னு கேக்காதவங்க கம்மி, மேல முழுக்க கல்லும் மண்ணும் மூடியிருக்கும், முன்னாடி உடைஞ்ச முகத்துலதான் ஐஸ் தெரியும். 1935ல இருந்த இடத்த விட ஒரு கிலோமீட்டருக்கு மேல அது பின்னாடி போயிடுச்சு, அதனால கடைசியா நீங்க நடக்கற அந்த கல்லுக்காடு அப்போ ஐஸுக்கு அடியில கிடந்தது. முகத்துக்கு கிட்ட மட்டும் போயிடாதீங்க, சொல்லாம கொள்ளாம பெரிய பெரிய துண்டா விழும்.