குடியை நிறுத்தும் முதல் நான்கு நாட்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவிச்சியாக வேலை செய்கிறேன். லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மிஸ்ஸி, வீட்டுக்காரர் நாளையிலிருந்து குடியைத் தொடமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?"

நல்ல செய்திதான். ஆனால் ஆண்டுக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பு வலிப்பு வந்தவரென்றால் வீட்டில் முயலவே வேண்டாம், வார்டில் தங்கட்டும்.

நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். தேத்தண்ணீரைக் கொடுத்தால் பாதி மடியில் சிந்தும். மார்கழிக் குளிரிலும் நெற்றி வியர்க்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பு, வாயில் கரண்டி, எதுவும் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரைதான் எனக்குப் பெரும் பயம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் பிடித்ததென்று பேயோட்டும் கோடாங்கியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 1990-ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயம்வரை வண்டி ஏறாதென்றால், பாதைக்குத் தூக்கிவர நாலு பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்தவர் கண் மங்குகிறது என்றால், அதில் மெதனோல் என்ற நச்சுச் சாராயம் கலந்திருக்கலாம். தூங்கி எழட்டும் என்று விடாதீர்கள், பார்வையே போய்விடும்.

வைத்தியர் தரும் தயமின் (விற்றமின் பி1) மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அடுத்த வீட்டுத் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அந்த நாட்களில் அவரைத் தனியே விடவும் கூடாது. காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் குறையும், தெரியும். மாமியார், கொழுந்தன், பக்கத்து வீட்டு அக்கா என்று முறை போட்டுக்கொள்ளுங்கள்.