டிஸ்ப்ளே வராத பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பென்சில் ரப்பர்

பழைய டெஸ்க்டாப்பில் ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் ரேமை (மதர்போர்டில், அதாவது உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் போர்டில், செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டை) கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

முதலில் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ரேம் செருகும் ஸ்லாட்டில் படிந்த தூசியையும் அப்படியே. மாட்டும்போது கிளிப் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். பயந்து பயந்து அழுத்தினால் ரேம் சரியாக உட்காராது. மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும்.

நாள்பட்ட தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து அந்தப் பட்டைகளில் மெல்லிய படலம் படியும். தொடர்பு விட்டுப்போனால் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பிவிடும் பயாஸ் புரோகிராமுக்கு ரேம் தெரியாது. ரேம் இல்லாமல் திரைக்கே படம் வராது. சில கம்ப்யூட்டர்கள் பீப் சத்தம் போட்டு இதைச் சொல்லும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

ஃபேனே சுற்றவில்லை என்றால் உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பார்க்க வேண்டும். லோகோ வந்தபின் நின்றுபோனால் ஹார்டு டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன உருளைகளான கெபாசிட்டர்கள் உப்பியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.