25 வருஷம் கழித்து மொத்த வகுப்பையும் கூப்பிடுவது எப்படி? ரீயூனியன் அழைப்பு, படிப்படியாக

போன டிசம்பரில் எங்கள் 1996–2000 இன்ஜினியரிங் பேட்ச்சின் வெள்ளிவிழா ரீயூனியன் கோவையில் முடிந்ததிலிருந்து ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்தனை பேரை எப்படிண்ணா பிடிச்சீங்க?" மண்டபம், பந்தி, மைக் செட் எல்லாம் காசு கொடுத்தால் நடந்துவிடும். ஆளைக் கூப்பிடுவதை மட்டும் யாரிடமும் கான்ட்ராக்ட் விட முடியாது. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். வாட்ஸ்அப் குரூப் தொடங்குவது, கூகுள் ஷீட்டைப் பகிர்வதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தேதியை அறிவியுங்கள், கேட்காதீர்கள்

"எல்லாருக்கும் எந்த வாரம் வசதி?" என்று குரூப்பில் போட்டால் அன்றோடு கதை முடிந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்து அறிவித்துவிடுங்கள்.

என் ஓட்டு டிசம்பர் கடைசி சனி, ஞாயிறுக்கு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே "அன்னைக்கு மச்சினன் கல்யாணம்டா" என்று யாரும் நழுவ முடியாது. மண்டபமும் சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. அமெரிக்காவில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வர வாய்ப்பு அதிகம், ஆனால் டிசம்பர் விமானக் கட்டணம் தெரிந்ததுதானே. அவர்களுக்கு மட்டும் ஆறு மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிட வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள் என்பதால் சைவப் பந்தி தனியாக உண்டு என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

தேதி சொன்ன கையோடு இன்னொரு தேதியையும் குறித்து வையுங்கள்: ரயில் முன்பதிவு. 2024 நவம்பரிலிருந்து பயணத்துக்கு 120 நாள் முன்பே திறப்பது கிடையாது, 60 நாள் முன்புதான். எங்களுக்கு டிசம்பர் 27, 28. சென்னை ஆட்கள் 26 ராத்திரி ஏற வேண்டும். அந்த வண்டிக்கு அக்டோபர் 27 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். முந்தின நாள் ராத்திரி "நாளைக்குக் காலைல 8 மணிக்கு சேரன், நீலகிரி ரெண்டும் ஓப்பன் ஆகுது, அலாரம் வெச்சுக்கோங்க" என்று ஒரு வரி போட்டோம். அழகாக டிசைன் செய்த இன்விடேஷனுக்கு வெறும் கட்டைவிரல் வந்தது. இந்த ஒரு வரிக்கு டிக்கெட் ஸ்கிரீன்ஷாட்டே வந்தது.

படி 2: பட்டியல்

கடைசி வருஷம் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து தொடங்குங்கள். அட்டையின் அடியில் "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்" என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். அன்றைக்கு லீவு போட்டவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். டிப்பார்ட்மென்ட் ஆபீஸில் கேட்டால் ரிஜிஸ்டர் நம்பர் வரிசைப்படி பெயர்ப் பட்டியல் கிடைக்கலாம். பெயர் மட்டும் கேளுங்கள். போன் நம்பர் கேட்டால் தயங்குவார்கள், தயங்குவதும் நியாயம்தான்.

பட்டியலில் வழக்கமாக விடுபடுகிறவர்கள் இரண்டு வகை. டிப்ளமோ முடித்து இரண்டாம் வருஷம் நேரடியாக வந்து சேர்ந்தவர்கள், முதல் வருஷத்திலேயே வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர்கள். இரண்டாவது வகையைக் கூப்பிடுவதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். கூப்பிடுங்கள்.

ஷீட்டில் நிறைய கட்டங்கள் வேண்டாம். பெயர், ஹாஸ்டலா டே ஸ்காலரா, நெருங்கிய நண்பர் யார், யார் பேசப்போகிறார், நிலவரம். அவ்வளவு போதும். "நெருங்கிய நண்பர்" கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள், மொத்த வேலையும் அதை நம்பித்தான் நடக்கும்.

படி 3: தேடுவது (இங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள்)

எங்களுக்கு அதிக நேரம் இழுத்தது இதுதான். காரணம், நம்முடைய இனிஷியல்.

பி. செந்தில்குமார் என்று ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் பழனிசாமி. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதியிருப்பார், வெளிநாடு போனதும் அப்பா பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். டல்லாஸ் ஆபீஸில் அவர் இன்றைக்கு "மிஸ்டர் பழனிசாமி". நீங்கள் லிங்க்ட்இனில் செந்தில்குமார் என்று தேடிக்கொண்டே இருந்தால் வருகிற ஆயிரம் பேரில் அவர் சிக்க மாட்டார். அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்பா பெயர் தெரியாதா? ஹாஸ்டலுக்கு வந்த மணியார்டரும் கடிதமும் யார் பெயரில் வந்தன என்பது ரூம்மேட்டுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. லட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். நியூமராலஜி பார்த்து நடுவில் ஒரு 'ஏ' சேர்த்தவர்கள் வேறு.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் பெயர். 2001-க்கு முன்னால் முடித்த கோவை இன்ஜினியரிங் பேட்ச்களுக்கு இது முக்கியம். அப்போது எங்கள் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. பிறகுதான் இணைப்புக் கல்லூரிகளெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஆகவே ஒரே வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் கல்லூரி பெயரைப் போட்டிருப்பார், ஒருவர் பாரதியார் என்பார், இன்னொருவர் சர்டிபிகேட்டைப் பார்க்காமலே அண்ணா என்று போட்டிருப்பார். மூன்றிலும் தேட வேண்டும். மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து பழைய பேட்ச்களுக்கும் இதே கதைதான், பல்கலைக்கழகம்தான் வேறு.

வகுப்புப் பெண்களைத் தேட ஆண்களால் ஆகாது, முயலவும் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், ஃபேஸ்புக்கில் பிள்ளையின் படமோ ரோஜாப்பூவோ இருக்கும். ஆனால் லேடீஸ் ஹாஸ்டலில் யாருக்கு யார் பழக்கம் என்பது ஒரு தனி வலை. ஒருவர் கிடைத்தால் அவர் மூலம் அஞ்சாறு பேர் வருவார்கள். அதனால் ஏற்பாட்டுக் குழுவில் முதல் நாளிலிருந்தே இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். வரவேற்புரைக்கு மட்டும் கடைசியில் கூப்பிட்டால் அந்த ரெண்டு பேரே வர மாட்டார்கள்.

யாகூ குரூப்ஸில் பேட்ச் பட்டியல் வைத்திருந்தவர்கள் அதை மறந்துவிடலாம், 2020-லேயே இழுத்து மூடிவிட்டார்கள்.

படி 4: போன் பேசுவது

கூப்பிடுவது என்றால் போன் போட்டுக் கூப்பிடுவது. குரூப்பில் போடும் அழைப்பு தகவல் மட்டுமே, அதை நம்பி யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அவருடைய ரூம்மேட்டோ, லேப் பார்ட்னரோ, பஸ்ஸில் கூட வந்தவரோ பேச வேண்டும். கிளாஸ் ரெப் பேசினால் அது சர்க்குலர். ரூம்மேட் பேசினால் "டேய், நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்றது?"

தெரியாத நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை. முதலில் பழைய போட்டோ ஒன்றை அனுப்புங்கள், அவர் முகம் இருக்கும் போட்டோ. பிறகு கூப்பிடுங்கள். எடுத்ததும் "எப்படி இருக்கே, என்ன பண்றே, எங்கே வேலை" என்று ஆரம்பிக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் அன்பாக நலம் விசாரித்தால் இன்சூரன்ஸ் விற்கவோ, கைமாத்து கேட்கவோதான் வருகிறார் என்று எவருக்கும் தோன்றும். முதல் வாக்கியத்திலேயே போட்டு உடையுங்கள்: "நாந்தாண்டா, ரூம் 42. டிசம்பர்ல எல்லாரும் காலேஜ்ல சேர்றோம், அதுக்குத்தான் கூப்பிட்டேன்." வேலை, சம்பளம், பிள்ளை எந்தக் காலேஜ் என்பதெல்லாம் கேட்கவே வேண்டாம். வேலை போனவர், மணமுறிவு ஆனவர், அரியரை முடிக்காமலே விட்டவர் எல்லாரும் நம் பட்டியலில் உண்டு. அவர்கள் வராமல் போவதற்குக் காரணம் இந்தக் கேள்விகள்தான். போனிலேயே ஆரம்பித்தால் நேரில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

சில நம்பர்களை மனைவியோ மகனோ எடுத்து, "அவர் தவறிட்டாருங்க" என்பார்கள். அப்போது ரீயூனியன் பேச்சை எடுக்காமல், நாம் யார் என்று சொல்லி, விசாரித்துவிட்டு வையுங்கள். ஷீட்டில் உடனே குறித்துவிடுங்கள். அதே வீட்டுக்கு வேறொருவர் மறுநாள் சிரித்துக்கொண்டே போன் செய்துவிடக் கூடாது.

படி 5: அழைப்பில் என்ன இருக்க வேண்டும்

தேதி, இடம், குடும்பத்தோடா தனியாகவா, தலைக்கு எவ்வளவு, பணம் கட்டக் கடைசி நாள், யாரைக் கேட்பது. "வசந்த கால நினைவுகளின் வானவில் சங்கமம்" என்ற வகையில் கவிதை எழுதும் நண்பர் எல்லா பேட்ச்சிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு மேடையில் நேரம் கொடுங்கள், அழைப்பில் வேண்டாம்.

முதல் நாள் சாயங்காலம் "ஏற்பாடு" (சரக்குதான்) உண்டா என்ற கேள்வி தனியாக வந்துகொண்டே இருக்கும். எங்கள் முடிவு: அதிகாரபூர்வ நிகழ்ச்சியில் கிடையாது. அதை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் வகுப்புப் பெண்களில் பலர் பெயர் கொடுத்தார்கள்.

படி 6: வருவோர் கணக்கு

வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் விழும் "வரேன்" கணக்கில் சேராது. முன்பணம் வந்தால்தான் ஆள். தொகை சின்னதாக இருக்கட்டும். கட்ட முடியாதவர் யார் என்று ரூம்மேட்டுக்குத் தெரியும், அவரே சத்தமில்லாமல் கட்டிவிடுவார். யார் கட்டினார்கள் என்ற பட்டியலைக் குரூப்பில் போடாதீர்கள்.

குரூப் இரண்டு வையுங்கள். அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குரூப் ஒன்று, அரட்டைக்கு இன்னொன்று. ஒரே குரூப்பாக இருந்தால் மண்டபத்து முகவரி குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டாம்: உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். ரீயூனியனுக்கென்றே இருக்கும் ஆப்களும் வேண்டாம். ஐம்பதை நெருங்கும் எவரும் இதற்காகப் புதிதாக ஒரு ஆப் இறக்க மாட்டார்.

படி 7: ஆசிரியர்கள்

வாட்ஸ்அப்பில் அழைக்காதீர்கள். உள்ளூரில் இருப்பவர்கள் பழத்தட்டோடு நேரில் போக வேண்டும். போகும்போது பெயரின் எழுத்துக்கூட்டல், மாடிப்படி ஏற முடியுமா, கார் அனுப்ப வேண்டுமா, கூட யார் வருவார்கள் என்று கேட்டு வந்துவிடுங்கள். லேப் அட்டெண்டர், மெஸ் அண்ணன், வாட்ச்மேன் இவர்களையும் விடாதீர்கள். எங்கள் ரீயூனியனில் அதிக செல்ஃபி மெஸ் அண்ணனோடுதான்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்த கேள்விகளுக்கு)

குரூப் லிங்கைப் பொதுவாகப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கும்படி போட்டால் கண்டவரும் உள்ளே வருவார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் குரூப் செட்டிங்கில் லிங்கை ரீசெட் செய்யுங்கள், பழையது செல்லாமல் போகும். லிங்கை போனில் பேசிய பிறகு தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

இதற்கென்று புது சிம் வாங்கி ஒரே நாளில் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பலாமா என்று இன்னொரு கேள்வி. சேமிக்கப்படாத பல நம்பர்களுக்குக் காப்பி-பேஸ்ட் போனால் ஸ்பேம் என்று நம்பரையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. பேச வேண்டியவர்களுக்குள் பிரித்துக்கொடுங்கள், ஆளுக்குப் பத்து பேர்.

"வரலை" என்று சொன்னவர்களை என்ன செய்வது? ஒரு முறை காரணம் கேட்காமல் விட்டுவிட்டு, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் அதே நண்பர் திரும்பக் கூப்பிடட்டும். அதற்காக கேட்டரிங்காரரிடம் அஞ்சு சதவீதம் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். கடைசி வாரத்தில் "சரி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் வரேன்" என்பவர்களுக்கு இலை வேண்டும்.