வீட்டிலேயே எச்ஐவி சுயபரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொவிட் காலத்தில் ஏஆர்டி எனும் விரைவுப் பரிசோதனைக் கருவியை மேசைமீது வைத்துவிட்டு, இரண்டாவது கோடு தெரிகிறதா என்று குடும்பமே சுற்றி நின்று பார்த்த வீடுகள் சிங்கப்பூரில் ஏராளம். அதே வீடுகளில் எச்ஐவி சுயபரிசோதனைக் கருவி ஒன்று தென்பட்டால், "இது யாருடையது, ஏன் வாங்கினாய்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பரிசோதிக்க விரும்புவதையே ஒழுக்கக்கேட்டின் ஒப்புதலாகக் கருதும் இந்தத் தவற்றை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2022 ஆகஸ்ட்டில் கிளந்தான் லேனில், தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், முன்னோடித் திட்டமாக இக்கருவி கிடைக்கத் தொடங்கியது. ஆயினும் 2023இல் புதிதாகக் கண்டறியப்பட்ட 201 சிங்கப்பூர்வாசிகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிருமித்தொற்று முற்றிய நிலையில்தான் தெரியவந்தது. அத்தனை காலம் அவர்களைப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைத்ததில் அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கருவியை வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் கவலைக்குரியது அவசரம். ஈறில் தடவிச் சோதிக்கும் கருவி கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் நோயெதிர்ப்பொருளையே தேடுகிறது. அது போதிய அளவு உருவாக மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால், ஆபத்தான தொடர்புக்கு அடுத்த வாரமே சோதித்து, "இல்லை" என்று வந்ததை நம்பி நிம்மதியடைவது பெரும் பிழை. தொடர்பு ஏற்பட்டு 72 மணி நேரம் கடக்கவில்லை என்றால், கருவியைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க அந்த நேரத்திற்குள் மட்டுமே வாய்ப்புண்டு. இவ்வகைக் கருவிக்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டபோது, பொதுமக்கள் தாங்களே செய்த சோதனைகளில் தொற்றுள்ள 12 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத் தவறாக "இல்லை" என்று வந்திருந்தது. ஆகவே சந்தேகம் நீடித்தால் மருந்தகத்தில் (கிளினிக்கில்) இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரி. ஏற்கெனவே எச்ஐவி சிகிச்சை பெறுபவர்கள் இக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது. மருந்தின் விளைவால் முடிவு பொய்யாகலாம்.

செய்முறையில், கொவிட் கருவியைப் பயன்படுத்திய பழக்கம் குறுக்கிடுகிறது; இக்கருவியின் முறை வேறு. சாப்பிட்டு, குடித்து, பல் துலக்கி அரை மணி நேரமாவது கழிந்தபின், மேல் ஈறில் ஒரு முறையும் கீழ் ஈறில் ஒரு முறையும் மட்டும் தடவ வேண்டும். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ அன்று. (வாயில் சோதிப்பதால் எச்சில் வழியாகத் தொற்று பரவும் என்று சிலர் அஞ்சுகிறார்கள், அப்படிப் பரவுவதில்லை.) முடிவை 20 நிமிடத்திற்கு முன்போ 40 நிமிடத்திற்குப் பின்போ படிக்கக் கூடாது. தொற்றைக் குறிக்கும் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான். கருவி சரியாக இயங்கியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் சோதனை செல்லாது. பிறர் கண்ணில் படக்கூடாது என்று வெயிலில் நிற்கும் காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ மறைத்து வைத்த கருவியை நம்ப வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது கோடு தெரிந்தவுடன் அதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் ஒதுங்குவது, உயிரையே பறிக்கக்கூடிய தவறு. பெயர் கூறாமல் பரிசோதிக்கும் மருந்தகங்கள் இங்கு உள்ளன. முறையாகச் சிகிச்சை பெற்றுக் கிருமியளவு கண்டறிய முடியாத நிலையில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை; 2024இல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தியபோது சிங்கப்பூரும் இதைக் கருத்தில் கொண்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுயபரிசோதனையை வரவேற்கும் ஆர்வத்தில், கணவனையோ மனைவியையோ மணமுடிக்கப்போகிறவரையோ கட்டாயப்படுத்திச் சோதிக்க வைத்து, முடிவைக் காட்டச் சொல்வது முற்றிலும் தவறு. துணைவருக்காக அக்கறைப்படுகிறவர், கருவியைக் கொடுத்துவிட்டு, எப்போது சோதிப்பது என்பதை அவரிடமே விடலாம். மருந்தகம் செல்ல நேர்ந்தால் உடன் வருவதாக முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.