ஆடிக் காற்றில் கன்ட்ரோலர் பறக்காமல் இருக்க

தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் தோட்டத்து வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும். மாடியில் பேனல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, வெளியே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, ஒரு சின்னக் காற்றாடியை நட்டு அதே சோலார் கன்ட்ரோலரில் (பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கக் கூடாது. காற்றாடி தரும் மூன்று ஃபேஸ் ஏ.சி.யை ரெக்டிஃபயர் போட்டு, பேட்டரிக்கு வேண்டிய டி.சி. ஆக்கிவிட்டோமே என்றாலும் கூடாது.

பேனல் சாது. பேட்டரி நிறைந்ததும் கன்ட்ரோலர் அதைத் துண்டித்துவிட்டால் அது பாட்டுக்கு வெயிலில் காயும். காற்றாடியை அப்படித் துண்டித்தால் பிடிப்பு இல்லாமல் வேகமெடுக்கும், வேகத்தோடு வோல்டேஜும் ஏறும், முதலில் கன்ட்ரோலர் போகும், காற்று பலமாக இருந்தால் இறக்கையும் போகும். அதற்குத்தான் தனி கன்ட்ரோலரும், மிஞ்சிய கரண்டைச் சூடாக்கித் தீர்க்கும் டம்ப் லோடும். காசு மிச்சம் என்று டம்ப் லோடாகச் சின்ன ரெசிஸ்டரை மாட்டாதீர்கள், காற்றாடியின் முழுத் திறனையும் அது தாங்க வேண்டும். காற்றாடி சுற்றும்போது பேட்டரி கேபிளைக் கழற்றுவதும் இதே தவறுதான். காற்று தணிந்திருக்கும்போது மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்திவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

அடுத்தது செட்டிங். இதில்தான் விவரம் தெரிந்தவர்களே கோட்டை விடுகிறார்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைச் சோலார் கன்ட்ரோலர் 57.6 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கிறது, டம்ப் லோடோ 56 வோல்ட்டிலேயே ஆன் ஆகிவிடுகிறது என்று வையுங்கள். பேனல் தருவதை ஹீட்டர் தின்னும், பேட்டரி நிறையவே நிறையாது, பழி பேட்டரி மேல் விழும். டம்ப் லோடு சோலார் அளவுக்குச் சற்று மேலே ஆன் ஆக வேண்டும். லித்தியம் என்றால் இன்னொரு சிக்கல்: வோல்டேஜ் எல்லை மீறினால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) பேட்டரியைத் தானே துண்டித்துவிடும், அதாவது ஓடுகிற காற்றாடியின் கேபிளைக் கழற்றிய கதைதான். அந்த எல்லைக்கு நன்றாகக் கீழேயே டம்ப் ஆன் ஆகும்படி வையுங்கள்.

அப்புறம் கணக்கு. பேனல் 1 கிலோவாட், காற்றாடி 1 கிலோவாட், மொத்தம் 2 என்று கூட்டி இன்வெர்ட்டரில் சுமை ஏற்றுவார்கள். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 1,000 வாட் என்று எழுதியிருந்தால் 6 மீட்டர் காற்றில் கிடைப்பது சுமார் 125 வாட்தான், ஏனென்றால் காற்றின் வேகம் பாதியானால் அதன் திறன் எட்டில் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, பேனல், பேட்டரி இருக்கும் டி.சி. பக்கத்தில் வீட்டு எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் பிரேக்கர் சுவிட்ச்) மாட்டும் பழக்கம். நம் வீட்டு ஏ.சி. நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி நின்று எரியும். டி.சி. என்று அச்சிட்ட பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் 'இதுவும் தாங்கும் சார்' என்பார், வாங்காதீர்கள்.