பரணில் கிடக்கும் கிளாரினெட்டுக்கு வயது என்ன?

நம்ம குமரி மாவட்டத்தில் சர்ச் பேண்டில் வாசித்த தாத்தா விட்டுப்போன கிளாரினெட் வீட்டுப் பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். காய்ந்த மென்துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முத்திரையைப் படியுங்கள். ‘பூஸி அண்ட் ஹாக்ஸ்’ என்றிருந்தால் 1930-க்கு முந்தையது இல்லை, அந்த இரண்டு கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்ததே அந்த வருடம்தான். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் சீரியல் எண் வேறு வேறாக இருந்தால் பெரும்பாலும் ஒரு துண்டு மாறியிருக்கிறது. அப்புறம் ‘எச்.பி.’ முத்திரை, அதாவது ‘ஹை பிட்ச்’, அது பழைய உயர் சுருதி, இன்றைய கீபோர்டோடு சேரவே சேராது, வாசிக்க வாங்காதீர்கள். கருப்பு நிறம் பச்சை கலந்த பழுப்பாகி, விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வருகிறதா, அது மரமல்ல, எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்.